நம் கணினியில் ஓடுகிறது, கடையில் ஓடவில்லை: சர்வரில் மட்டும் வரும் பிழையைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டு ஆனவர்களோடு உட்கார்ந்து பிழை தேடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அவர்களுக்கு நிரல் நன்றாகவே புரிகிறது. ஆனாலும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் டிக்கெட் (பிழைப் புகார்) வந்த உடனே நிரலைத் திறந்து, சந்தேகமாகத் தெரிகிற முதல் வரியை மாற்றிப் பார்க்கிறார்கள். மாற்றுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னால் ஏழெட்டு வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு வரிசையும் இருக்கிறது.

அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். விளக்குவதற்கு வசதியாக நாங்கள் பிடித்த ஒரு பிழையைக் கடைசிவரை கூடவே எடுத்துக்கொள்கிறேன். கடைகளுக்கான ஒரு பில்லிங் செயலி. வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் தட்டினால் சில பெயர்கள் கிடைக்கவில்லை. எங்கள் கணினிகளில் எல்லாப் பெயரும் கிடைத்தன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சர்வரில் இப்போது ஓடுவது எந்தப் பதிப்பு என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். "நேற்று டெப்ளாய் பண்ணினோம்" (சர்வரில் ஏற்றினோம்) என்பது போதாது, கமிட் எண் வேண்டும். கமிட் என்பது நிரலில் செய்த ஒரு மாற்றத்தின் பதிவு. சர்வரில் போன வாரப் பதிப்பு ஓடிக்கொண்டிருக்க, மெயின் பிராஞ்சை (நிரலின் முதன்மைக் கிளையை) படித்து அரை நாள் போக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். படிக்கிற வரியும் ஓடுகிற வரியும் ஒன்றுதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டால் அந்த அரை நாள் மிஞ்சும்.

லாக்கை, அதாவது செயலி ஓடும்போது எழுதிவைக்கும் பதிவை, படிக்க அனுமதி வேண்டும். இதைப் பிழை வந்த அன்று கேட்டால் கிடைக்க மாலை ஆகிவிடும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கி, ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

உண்மையான தரவின் நகல் வேண்டும், தனிப்பட்ட விவரங்களை மறைத்துவிட்டு. இதில் ஒரு சிக்கல் உண்டு. மறைக்கும்போது பிழைக்குக் காரணமான அம்சமும் சேர்ந்து போய்விடலாம். எங்கள் நகல் எடுக்கும் நிரல் எல்லாப் பெயரையும் "வாடிக்கையாளர் 1", "வாடிக்கையாளர் 2" என்று மாற்றிவிடும். பெயரிலேயே இருந்த பிழை அந்த நகலில் எப்படி வரும்? எனவே நகலில் என்னென்ன மாற்றப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. காகிதமோ, டெக்ஸ்ட் கோப்போ, எதுவானாலும் சரி. அதன் பயன் 7-வது படியில் தெரியும்.

2. டிக்கெட்டில் இருப்பதோடு நிறுத்தாதீர்கள், பேசிக் கேளுங்கள்

எங்களுக்கு வந்த டிக்கெட்டில் இருந்தது இவ்வளவுதான்: "கஸ்டமர் தேடல் வேலை செய்யவில்லை. அவசரம்." இதை நம்பித் தேடல் நிரலைத் திறந்த ஒரு தம்பி, தேடலில் இருந்த நிபந்தனையை மாற்றி, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிவிட்டது என்று மாலையில் சொன்னார். டெஸ்ட் காலையிலும் பாஸ்தான்.

மறுநாள் கவுன்டரில் இருப்பவரிடம் போனில் பேசினோம்.

"என்ன பேர் போட்டுத் தேடினீங்கக்கா?"

"கோபால்னு போட்டேன் சார், வரல. போன் நம்பரைப் போட்டா அதே கோபால் வர்றார்."

"எந்தப் பேருமே வரலையா?"

"முருகன் வருது, கண்ணன் வருது. சொர்ணம் வரல, கௌரி வரல."

"எப்ப இருந்துக்கா?"

"போன மாசம் பழைய லிஸ்ட்டை ஏத்துனீங்கள்ல, அதுல இருந்து."

இரண்டு நிமிடம்தான் பேசினோம். முக்கால்வாசி வழி அதற்குள் வந்துவிட்டது. கேட்க வேண்டியவை எப்போதும் இவைதாம்: சரியாக என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது, எப்போதிலிருந்து, எல்லோருக்குமா சிலருக்கு மட்டுமா. இவற்றில் புதியவர்கள் கேட்காமல் விடுவது, எது சரியாக வேலை செய்கிறது என்ற கேள்வியை. கிடைக்காத பெயர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தோன்றாது. பக்கத்தில் முருகனையும் கண்ணனையும் வைத்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். கோ, சொ, கௌ. ஒவ்வொரு தமிழ் வாசகருக்கும் இந்நேரம் ஏதோ பொறி தட்டியிருக்கும். அதை 7-வது படியில் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. "நெட் ஸ்லோவா இருந்துச்சா?" என்று பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. கேட்டால் "ஆமா, இருந்துச்சு" என்றுதான் வரும். நெட் என்றைக்குத்தான் ஸ்லோவாக இல்லை?

3. முதலில் பாதிப்பை நிறுத்துங்கள், ஆனால் தடயத்தை எடுத்துவைத்த பிறகு

கடையில் வரிசை நிற்கும்போது காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. புதிய பதிப்பால் வந்த பிழை என்றால் பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். மாற்றுவழி இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். எங்கள் கதையில் "ரெண்டு நாளைக்குப் போன் நம்பரை வச்சுத் தேடுங்கக்கா" என்று சொன்னதே போதுமானதாக இருந்தது. அதோடு, "வராத பேரைப் புது கஸ்டமரா சேர்க்க வேண்டாம்" என்றும் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல மறந்ததன் விளைவு 9-வது படியில் வருகிறது.

இங்கே பலரும் செய்கிற தவறு, கை தானாகப் போய் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடுவது. ரீஸ்டார்ட் செய்தால் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போய்விடும். எந்தத் திரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு வேலை இழை) எதற்காகக் காத்திருந்தது, எத்தனை இணைப்புகள் திறந்திருந்தன, எவ்வளவு நினைவகம் தின்றது என்று எதுவுமே மிஞ்சாது. அதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, திரெட் டம்ப் (ஒவ்வொரு திரெட்டும் அப்போது எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) ஒன்று, கடைசி லாக் வரிகள், நினைவக அளவு ஆகியவற்றைக் கோப்பில் சேமியுங்கள். ஜாவா என்றால் பத்து விநாடி இடைவெளியில் இரண்டு மூன்று திரெட் டம்ப் எடுப்பது நல்லது. ஒன்றில் ஒரு திரெட் ஓரிடத்தில் நிற்பது தற்செயலாக இருக்கலாம். மூன்றிலும் அதே வரியில் நின்றால் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

4. பிழையை உங்கள் கையாலேயே வரவழையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். விரும்பியபோதெல்லாம் பிழையை வரவைக்க முடியாதவரை, அதைச் சரிசெய்துவிட்டோமா என்று சொல்லவும் முடியாது. மாற்றினோம், இப்போது வரவில்லை என்றால், மாற்றியதால் வரவில்லையா, அதுவாகவே வரவில்லையா?

உங்கள் கணினியில் வராமல் சர்வரில் மட்டும் வருகிறது என்றால், இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வேறாக இருக்கிறது. என்ன வேறு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தரவு. பெரும்பாலான நேரம் இதுதான். டெவலப்பர் உட்கார்ந்து தட்டிய பத்துப் பெயர்கள் ஒழுங்காக இருக்கும். பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டுச் சேர்ந்த தரவில் காலி மதிப்பும், பெயருக்குப் பின்னால் ஒட்டிய வெற்றிடமும், கண்ணுக்கே தெரியாத எழுத்துகளும் இருக்கும். எங்கள் கணினிகளில் பிழை வராததற்கும் காரணம் இதுவே. நாங்கள் எல்லோரும் "கோபால்" என்று புதிதாகத் தட்டித்தான் சோதித்தோம். கடையின் உண்மையான வரியை எடுத்துப் போட்டதும் எங்கள் கணினியிலும் கோபால் காணாமல் போனார்.

எண்களும் இப்படி ஏமாற்றும். ஜாவாஸ்கிரிப்ட்டில் முழு எண்ணை 9007199254740991 வரைதான் நம்பலாம். அதைவிடப் பெரிய ஐடி ஒன்று சர்வரிலிருந்து எண்ணாக வந்தால் கடைசி இலக்கம் மாறக்கூடும். முடிவில் 3 இருந்த ஐடி, உலாவியில் 2 என்று முடியும். சோதனைத் தரவில் ஐடி 1, 2, 3 என்று இருந்தால் ஆயுசுக்கும் தெரியாது.

நேரம். சர்வர் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும், நம் கணினி இந்திய நேரத்தில். வித்தியாசம் 5 மணி 30 நிமிடம். இரவு 12 மணியிலிருந்து காலை 5:30 வரை நமக்குப் புது நாள், சர்வருக்கு இன்னும் நேற்று. காலை 10 மணிக்கு வேலைக்கு வருகிற டெவலப்பருக்கு இந்தப் பிழை வரவே வராது. விடிய விடிய வியாபாரம் நடக்கும் காய்கறிச் சந்தையில் 4 மணிக்குப் போட்ட பில், முந்தின நாள் கணக்கில் போய் உட்காரும். தினசரிக் கணக்கு இடிக்கிறது என்று டிக்கெட் வந்தால், உங்கள் கணினியின் நேர மண்டலத்தை யூடிசிக்கு மாற்றி, இந்திய நேரப்படி அதிகாலை 4 மணி பில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

தேதியிலேயே இன்னொன்று. ஜாவாவில் ஆண்டைக் காட்டும் வடிவத்தில் சின்ன ஒய் நான்கு போட வேண்டிய இடத்தில் பெரிய ஒய் நான்கு போட்டுவிட்டால், அது வார அடிப்படையிலான ஆண்டைக் காட்டும். ஆண்டு முழுக்கச் சரியாகவே தெரியும். ஆண்டின் கடைசிச் சில நாள்களில் மட்டும் தப்பும்: 2024 டிசம்பர் 30, 2025 டிசம்பர் 30 என்று அச்சாகும். ஜனவரி பிறந்து சில நாளில் பிழை தானே மறைந்துவிடும், டிக்கெட்டையும் மூடிவிடுவார்கள். அடுத்த டிசம்பரில் மறுபடி வரும்.

அமைப்பு. சூழல் மாறிகள், டேட்டாபேஸின் பதிப்பு, எழுத்துக் குறியாக்கம் (எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை). மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் யூடிஎஃப்8 என்ற பழைய குறியாக்கம் ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் இடம் கொடுக்கும். தமிழ் எழுத்துக் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் தமிழ் ஒழுங்காகச் சேமிக்கப்படும், எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். ஒருவர் முகவரியில் எமோஜி போட்டதும் சிக்கும், ஏனென்றால் அதற்கு 4 பைட் வேண்டும்.

சுமை. நீங்கள் ஒருவர் சோதிக்கிறீர்கள், அங்கே இருபது கவுன்டர் ஒரே நேரத்தில் தட்டுகிறது. இதை 8-வது படியில் பார்ப்போம்.

பிழை வந்துவிட்டதா? இப்போது அதைச் சுருக்குங்கள். ஐம்பதாயிரம் வாடிக்கையாளர் தேவையில்லை, ஒரே ஒரு கோபால் போதும். முழுச் செயலியும் தேவையில்லை, ஒரு வரி எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) போதும். சுருங்கச் சுருங்க, காரணம் ஒளிந்துகொள்ள இடம் குறைந்துகொண்டே வரும்.

5. பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள்

பிழைச் செய்தி வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது, படித்தால். பலர் முதல் வரியை அப்படியே எடுத்துத் தேடுபொறியிலோ ஏஐ உதவியாளரிலோ போட்டுவிடுகிறார்கள். பைதானில் உண்மையான பிழை கடைசி வரியில் இருக்கும். ஜாவாவில் ஒரு பிழைக்குள் இன்னொன்று பொதிந்து வரும், மூல காரணம் "காஸ்டு பை" என்று தொடங்கும் கடைசித் தொகுதியில் இருக்கும். நடுவே வரும் ஃபிரேம்வொர்க் வரிகளைத் தாண்டி, உங்கள் பேக்கேஜ் பெயர் முதலில் தென்படும் வரியைப் பிடியுங்கள்.

கன்டெய்னர் (செயலி ஓடும் தனி அடைப்பு) எந்தச் செய்தியும் இல்லாமல் செத்துப்போனால், வெளியேறும்போது அது விட்டுச்செல்லும் எண்ணைப் பாருங்கள். 137 என்றால் 128 கூட்டல் 9, அதாவது வெளியிலிருந்து 9-ஆம் சிக்னலால் கொல்லப்பட்டது. பெரும்பாலும் நினைவக வரம்பைத் தாண்டியிருக்கும். லாக்கில் ஒன்றும் இல்லையே என்று தேட வேண்டாம். எழுத அதற்கு நேரமே கொடுக்கப்படவில்லை.

6. பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போங்கள்

திரை, ஏபிஐ (திரை சர்வரோடு பேசும் வாசல்), சேவை, டேட்டாபேஸ் என்று ஒரு கோரிக்கை நான்கைந்து இடம் கடந்து போகிறது. முதலிலிருந்து வரி வரியாகப் படித்துக்கொண்டு போக வேண்டாம். நடுவில் ஓரிடத்தில் நின்று, இதுவரை வந்தது சரியா என்று கேளுங்கள். சரி என்றால் பிழை அந்தப் பக்கம், தப்பு என்றால் இந்தப் பக்கம். மறுபடி பாதி. எங்கள் பிழையில் ஏபிஐக்கு "கோபால்" ஒழுங்காக வந்து சேர்ந்தது, எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸிடம் போன வினவலும் சரியாகவே இருந்தது, பதில்தான் காலி. ஆக, திரையையும் ஏபிஐயையும் பத்தே நிமிடத்தில் ஒதுக்கிவிட்டோம்.

முன்பு வேலை செய்தது, இப்போது செய்யவில்லை என்றால் இதே முறையைக் கமிட்டுகளிலும் செய்யலாம். நிரலின் கமிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கிட் கருவியில் பைசெக்ட் என்ற கட்டளை அதற்குத்தான் இருக்கிறது. நல்ல கமிட் ஒன்றையும் கெட்ட கமிட் ஒன்றையும் சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துச் சோதனையில் முடிந்துவிடும். சோதனையை ஸ்கிரிப்ட்டாக எழுதிக் கொடுத்தால் அதுவே ஓட்டிக்கொள்ளும்: 0 திரும்பினால் நல்லது, 1 திரும்பினால் கெட்டது, 125 திரும்பினால் இதை விட்டுவிடு.

125-ஐ மறப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. நடுவில் ஒரு கமிட் பில்டே ஆகவில்லை என்றால் ஸ்கிரிப்ட் 1 திருப்பும், பைசெக்ட் அதைக் கெட்டது என்று எடுத்துக்கொள்ளும், கடைசியில் சம்பந்தமில்லாத ஒருவருடைய கமிட்டைக் காட்டும். அதேபோல, பத்தில் ஏழு தடவை மட்டும் வருகிற பிழையை வைத்துக்கொண்டு பைசெக்ட் செய்தால் தவறான பாதிக்குள் போய்விடுவோம். 4-வது படி முதலில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் கதையில் ஒருவர் பைசெக்ட் செய்து பார்த்தார். ஒரு வருடத்துக்கு முந்தைய கமிட்டிலும் அதே பிழை. நேரம் வீண் என்று வருத்தப்பட்டார். எனக்கு அது நல்ல தகவலாகவே பட்டது. நிரல் மாறாமல் நடத்தை மாறியிருக்கிறது என்றால் மாறியது தரவுதான். கவுன்டர் அக்கா சொன்ன "பழைய லிஸ்ட்டை ஏத்துனதுல இருந்து" என்பதோடு அது கச்சிதமாகப் பொருந்தியது.

7. ஒரு ஊகம், ஒரு சோதனை, ஒரு வரி எழுத்து

இப்போது நோட்டைத் திறங்கள். நினைப்பதை எழுதுங்கள், அதை எப்படிப் பொய்யாக்கலாம் என்று எழுதுங்கள், செய்து பார்த்து முடிவை எழுதுங்கள். எங்கள் நோட்டில் அன்று இருந்தது இது:

ஊகம் 1: இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) கெட்டிருக்கிறது. சோதனை: இன்டெக்ஸைப் பயன்படுத்தாமல் தேடு. முடிவு: அப்போதும் வரவில்லை. தள்ளு.

ஊகம் 2: பெயருக்குப் பின்னால் வெற்றிடம். சோதனை: சதுர அடைப்புக்குறிக்குள் அச்சிடு. முடிவு: [கோபால்]. ஒட்டியபடிதான் இருக்கிறது. தள்ளு.

ஊகம் 3: பார்க்க ஒன்றாக இருந்தாலும் எழுத்துகள் வேறு. சோதனை: இரண்டு கோபாலின் நீளத்தையும் எடு. முடிவு: தட்டியது 6, தரவில் உள்ளது 7.

பிடித்துவிட்டோம். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். அல்லது க-வுக்குப் பின் ஏகாரக் குறி, அதன்பின் கால் என்று இரண்டு குறிகளாகப் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். முதலாவது கோபால் 6 குறி, 18 பைட். இரண்டாவது 7 குறி, 21 பைட். ஒகரமும் ஔகாரமும் இதே மாதிரி. முருகனிலும் கண்ணனிலும் இந்த மூன்று குறிகளும் இல்லை, அதனால்தான் அவர்கள் கிடைத்தார்கள். கடையின் பழைய பட்டியல் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தது. அதை மாற்றிய கருவி கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டிருந்தது. கவுன்டரில் உள்ள விசைப்பலகையோ ஒற்றைக் குறியைப் போடுகிறது.

ஊகம் 3-க்குப் போக ஐந்து நிமிடம்தான் ஆனது. எழுதாமல் செய்திருந்தால் முதல் ஊகத்தையே மாலைவரை சுற்றிச் சுற்றி வந்திருப்போம். எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தவுடன் விட்ட இடத்தில் தொடரலாம், வேறொருவரிடம் கொடுத்துவிட்டும் போகலாம்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். இன்டெக்ஸையும் மாற்றி, வெற்றிடத்தையும் நீக்கி, பிழை போய்விட்டது என்றால் எதனால் போனது? ஊகம் தப்பு என்று தெரிந்ததும் அதற்காகச் செய்த மாற்றத்தைக் கையோடு திரும்ப எடுத்துவிடுங்கள். மாலையில் டிஃப் (எந்தெந்த வரி மாறியது என்ற பட்டியல்) பார்த்தால் பதினோரு கோப்பு மாறியிருக்கும், எது தேவை எது தேவையில்லை என்று செய்தவருக்கே தெரியாது. இதை நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

கண்ணை நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிழை தேடும் கருவியான டீபக்கரும் டேட்டாபேஸ் திரையும் எழுத்தை அழகாக வரைந்துதான் காட்டும். சந்தேகம் வந்தால் நீளத்தைப் பாருங்கள், பைட்டைப் பாருங்கள். பைதானில் ஆஸ்கி என்ற செயல்பாட்டில் போட்டால் ஒவ்வொரு குறியின் எண்ணும் தெரிந்துவிடும்.

8. வந்து வந்து மறையும் பிழைகள்

நீளத்தை அளந்து பிடிக்கக்கூடிய பிழை ஒரு வகையில் நல்ல பிழை. சில பிழைகள் பார்க்கும்போது வராது. லாக் வரி ஒன்று சேர்த்தால் மறையும், எடுத்தால் வரும். லாக் எழுதும் அந்தக் கணநேரத் தாமதமே இரண்டு திரெட்டுகளின் வரிசையை மாற்றிவிடுவதால் இப்படி நடக்கிறது.

எடுத்துக்காட்டு: கடைசியாக ஒரே ஒரு பொருள் இருப்பில் இருக்கிறது. இரண்டு கவுன்டரும் ஒரே நொடியில் பில் போடுகிறார்கள். இரண்டுமே "இருப்பு 1" என்று படிக்கின்றன, இரண்டுமே ஒன்றைக் குறைக்கின்றன. இருப்பு மைனஸ் 1. இதை வரவழைக்க ஆயிரம் தடவை வேகமாகத் தட்டிப் பார்க்க வேண்டாம். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இரண்டு விநாடி தூங்கச் சொல்லும் ஒரு வரியைப் போடுங்கள். இரண்டு உலாவியில் அடுத்தடுத்து பொத்தானை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வரும். நிரலின் தர்க்கம் மாறவில்லை, பிழை நுழையும் இடைவெளியை மட்டும் அகலமாக்கியிருக்கிறீர்கள். காரணம் புரிந்த பிறகு, "இருப்பு 0-க்கு மேல் இருந்தால் மட்டும் 1 குறை" என்று படிப்பதையும் குறைப்பதையும் ஒரே எஸ்கியூஎல் வரியில் சேர்த்துவிடலாம்.

இன்னொரு வகை, காலையில் நன்றாக ஓடி மதியத்துக்கு மேல் எல்லாம் நின்றுபோவது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், நாளை மதியம் மறுபடியும் நிற்கும். டேட்டாபேஸ் இணைப்பைக் கடன் வாங்கிய நிரல், பிழை வந்த பாதையில் அதைத் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கும். ஜாவாவில் இணைப்புகளைச் சேர்த்துவைக்கப் பலர் பயன்படுத்தும் ஹிகாரியில் இயல்பாக 10 இணைப்புதான் இருக்கும், கிடைக்காவிட்டால் 30 விநாடி காத்திருந்து பிழை கொடுக்கும். ஒவ்வொரு கோரிக்கையும் 30 விநாடிக்குப் பிறகு விழுகிறது என்று லாக்கில் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். மதியம்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கணினியில் இணைப்பு எண்ணிக்கையை 2 ஆகக் குறைத்துவிட்டு, சந்தேகப்படும் பாதையை மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றாவது தடவை நின்றுவிடும்.

இரண்டிலும் உத்தி ஒன்றேதான். இடைவெளியை அகலமாக்குங்கள் அல்லது வளத்தைச் சுருக்குங்கள், எப்போதாவது வருகிற பிழை எப்போதும் வரும்.

9. இப்போது திருத்துங்கள்

முதலில் தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள். திருத்துவதற்கு முன் அது தோற்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். திருத்திய பின் எழுதிய டெஸ்ட் பாஸ் ஆனால், அது உண்மையில் எதையாவது சோதிக்கிறதா என்றே தெரியாது. எங்கள் டெஸ்ட்டில் ஒரு சின்னப் பொறி இருந்தது. இரண்டு விதக் கோபாலையும் டெஸ்ட் கோப்பில் தமிழிலேயே ஒட்டினால், நாளைக்கு யாரோ அதை மறுபடி தட்டும்போது இரண்டும் ஒன்றாகிவிடும், டெஸ்ட் சும்மா பாஸ் ஆகிக்கொண்டிருக்கும். அதனால் குறிகளை யூனிகோட் எண்களாகவே எழுதினோம்.

அடுத்து, எங்கே திருத்துவது? தேடலில் மட்டும் ஒட்டுப்போட்டால் டிக்கெட் மூடிவிடும், பிழை மூடாது. வெளியிலிருந்து எழுத்து உள்ளே வருகிற எல்லா வாசலிலும் அதை என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றினோம்: திரை, ஏபிஐ, கோப்பு ஏற்றம், தேடல் சொல். போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பு முதல் நார்மலைஸ் என்ற செயல்பாடு இருக்கிறது, பைதான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் இதற்கு வழி உண்டு.

பிறகு, இதே காரணத்தால் வேறு எங்கெல்லாம் அடி விழுந்திருக்கும் என்று தேடுங்கள். பெயர் வாரியாகக் கூட்டும் அறிக்கையில் ஒரே ஊர் இரண்டு வரியாக வந்துகொண்டிருந்தது. கோவை ஒன்று, கோவை இன்னொன்று. அதற்கு யாரும் டிக்கெட்டே போடவில்லை.

தரவைச் சரிசெய்வது தனி வேலை, அவசரப்படக் கூடாத வேலை. நகல் எடுத்துவையுங்கள். எத்தனை வரி மாறும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள், எதிர்பார்த்த எண் வராவிட்டால் நிறுத்துங்கள். எங்களுக்கு இங்கே கூடுதல் வேலை வந்தது. பெயர் கிடைக்காததால் கவுன்டரில் சிலரைப் புது வாடிக்கையாளராகச் சேர்த்திருந்தார்கள், பழைய பாக்கி ஒரு கணக்கில், புது பில் இன்னொரு கணக்கில். 3-வது படியில் சொல்ல மறந்த ஒரு வாக்கியத்தின் விலை இது. பெயர் ஒன்று என்பதற்காக இரண்டு கோபாலைச் சேர்த்துவிட முடியாது. போன் நம்பரும் ஒன்றாக இருந்தவர்களை மட்டும் சேர்த்தோம், மற்றவர்களைப் பட்டியலாகக் கடைக்காரரிடமே கொடுத்துக் கேட்டோம்.

10. வெளியிட்ட பின்

டெப்ளாய் ஆனதும், சர்வரில் ஓடும் கமிட் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பிறகு முதலில் புகார் சொன்னவரையே கூப்பிட்டு, அவர் கணினியில், அவர் கையால், அதே பெயரைத் தட்டச் சொல்லுங்கள். எங்கள் அக்கா கோபாலோடு நிற்கவில்லை, சொர்ணம், கௌரி, பொன்னி, சௌந்தரம் என்று அவராகவே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.

டிக்கெட்டில் "சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் எழுதி மூடாதீர்கள். என்ன தெரிந்தது, காரணம் என்ன, எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம் என்று நான்கு வரி போதும். அதில் புகார் சொன்னவர் பயன்படுத்திய சொற்களையே வையுங்கள். அடுத்த வருடம் தேடுகிறவர் "பெயர் போட்டால் வரவில்லை" என்றுதான் தேடுவார், "என்எஃப்சி" என்று தேட மாட்டார்.

தற்காலிகமாகச் சேர்த்த லாக் வரிகளையும், தூங்கச் சொன்ன வரியையும், 2 ஆகக் குறைத்த இணைப்பு எண்ணிக்கையையும் எடுத்துவிட்டீர்களா என்று டிஃபில் ஒருமுறை பாருங்கள். அப்புறம், பிழையை வரவழைக்க உங்கள் மடிக்கணினியில் இறக்கிவைத்த கடையின் தரவு நகலை அழித்துவிட்டு, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.